ஊரைச் சுமந்த குரல்கள்

இசைக்கு எல்லை இல்லை என்று மேடைதோறும் சொல்லக் கேட்கிறோம். எல்லையிலேயே பிறந்து வளர்ந்தவர்களிடம் இந்த வாக்கைச் சொல்லிப் பாருங்கள்; புன்னகையோடுதான் ஏற்றுக்கொள்வார்கள். பாட்டு எல்லையைக் கடக்கும், அதில் ஐயமில்லை. பாடுகிறவர் கடப்பது வேறு கதை. அவருக்குரிய பாராட்டு கடந்து வந்து சேர்வதோ அதனினும் நெடிய கதை. அந்தக் கதையைத்தான் நம் சங்க மலரில் எழுத முனைகிறேன்.

நான் பிறந்த ஊர் நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே உள்ள ஒரு சிற்றூர். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை என்று ஒவ்வோர் ஊராகக் கடந்தால், கடைசியில் களியக்காவிளை வரும். அங்கே தமிழ்நாடு தொடங்குகிறது. ஒரு கடையில் தேநீர் குடித்துவிட்டு அடுத்த கடையில் வெற்றிலை வாங்கினால் மாநிலம் மாறிவிடும். 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அதனால் எங்கள் வீடுகளில் அடுப்படியில் தமிழும், பள்ளியில் மலையாளமும், கோயிலில் இரண்டும் ஒலிக்கின்றன.

எங்கள் பாட்டனார் தறிக்காரர். பாலராமபுரத்துக் கைத்தறியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். தமிழ் நிலத்திலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்ட சாலியர்கள் வளர்த்த தொழில் அது. குழித்தறியில் கால் மிதிக்க, கை நாடாவை எறிய, பாட்டனார் வாய்விட்டுப் பாடுவார். அடிவயிற்றிலிருந்து எழும் கனத்த குரல் அவருக்கு. தெருமுனை வரைக்கும் கேட்கும். ஆனால் ஊரில் அதற்கு வைத்த பெயர் ‘கட்டைத் தொண்டை’. புகழ்ச்சியாகச் சொன்ன பெயர் அன்று.

இந்தப் பெயர் என் நெஞ்சில் நெடுநாள் உறுத்திக்கொண்டிருந்தது. பிற்பாடு விடுதியில் ஒரு நண்பர் மேலைநாட்டு இசை நாடகம் ஒன்றின் பதிவைப் போட்டுக் காட்டினார். ‘ஒப்பெரா’ என்று அவர்கள் சொல்லும் நாடகம் முழுவதும் பாட்டாலேயே நடப்பது. அங்கே ஆண் குரலை மூன்றாக வகுக்கிறார்கள். உயர்ந்து ஒலிப்பது ‘டெனர்’. ஆழத்தில் உருள்வது ‘பாஸ்’. இரண்டுக்கும் நடுவே கனமும் நெகிழ்வும் ஒருங்கே கொண்டது ‘பாரிடோன்’. காதலன் வேடம் பெரும்பாலும் டெனருக்குப் போகும். தந்தை, அரசன், பகைவன், சூழ்ச்சிக்காரன் என்னும் வேடங்கள் பாரிடோனுக்கு வரும். இத்தாலிய மேதை வெர்டி 1851இல் அரங்கேற்றிய ‘ரிகொலெட்டோ’ நாடகத்தில், மகளை இழக்கும் கூனனாகிய அரசவைக் கோமாளிக்கு அந்தக் குரலைத்தான் கொடுத்தார். அந்தக் கனத்த குரல் விம்மும்போது மொழி தெரியாத நமக்கும் கண் கலங்குகிறது. அன்று எனக்குப் பாட்டனாரின் தறிக்குழி நினைவுக்கு வந்தது. ஒரு நாட்டில் மகுடம் பெறும் குரல் இன்னொரு நாட்டில் ஏன் கேலிப்பெயர் பெறுகிறது?

காரணம் இல்லாமல் இல்லை. நம் நாட்டில் ஒலிபெருக்கி வருவதற்கு முன் நாடகக் கொட்டகையில் பல நூறு பேருக்குக் கேட்கும்படி பாட வேண்டும். கூட்டத்தின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு போவது உச்சக் குரல்தான். ஆகையால் நம் ஆண் பாடகர்கள் நாலு கட்டை, ஐந்து கட்டை என்று சுருதியை ஏற்றி வைத்துப் பாடினார்கள். இன்று ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டையை ஒட்டியும், பெண்கள் ஐந்து கட்டையை ஒட்டியும் பாடுவதை எண்ணினால், அன்றைய ஏற்றம் எத்தகையது என்பது விளங்கும். 1906இல் செங்கோட்டையில் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பா அந்த உச்சத்தின் உருவம். 27 வயதிலேயே, 1933இல், மறைந்துவிட்டார். அவருடைய இசைத்தட்டுகளை இன்று கேட்டாலும் மயிர்க்கூச்செறிகிறது. செங்கோட்டையும் அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்ததே. 1956இல்தான் தமிழகத்துக்கு வந்தது. அவரும் எங்களைப் போல் எல்லையோரத்தவர்!

ஐரோப்பியர்கள் வேறு வழி கண்டார்கள். மூச்சையும் நெஞ்சின் அதிர்வையும் பழக்கி, கனத்த குரலே பெரிய வாத்தியக் குழுவைத் தாண்டி அரங்கின் கடைசி வரிசையை எட்டும்படி செய்தார்கள். நாம் சுருதியை ஏற்றினோம்; அவர்கள் உடலைப் பழக்கினார்கள். பின்பு ஒலிவாங்கி வந்தது. 1925ஆம் ஆண்டையொட்டி மின்சார முறையில் இசைத்தட்டுப் பதியத் தொடங்கினர். மேடைகளிலும் ஒலிபெருக்கி ஏறிற்று. அதன் பின்னரே நம்மிடையே தாழ்ந்த சுருதியில் நின்று நிதானமாகப் பாடும் குரலுக்கு மதிப்புப் பிறந்தது. கட்டைத் தொண்டை என்ற சொல்லில் இருந்த கேலி அப்போதுதான் கொஞ்சம் தேய்ந்தது. நல்ல குரல் எது என்று தீர்ப்புச் சொல்வதில் காதுக்கு மட்டுமன்றிக் கொட்டகைக்கும் கருவிக்கும்கூடப் பங்கு இருந்திருக்கிறது. விமரிசனம் எழுதுகிறவர்கள் இதை மறக்கலாகாது.

இனி எங்கள் ஊர்க் குரல்களுக்கு வருகிறேன். சங்கீத வித்துவான்கள் தங்கள் ஊரைப் பெயருக்கு முன்னால் வைத்துக்கொள்வது நம் மரபு. செம்மங்குடி, அரியக்குடி, மதுரை என்று அந்த ஊர்கள் எல்லாம் பாட்டால் புகழ் பெற்றன. எங்கள் எல்லையோரத்துக்கும் அந்தப் பேறு வாய்த்தது. நெய்யாற்றின்கரை வாசுதேவன், பாறசாலை பொன்னம்மாள். நம் வளாகத்தில் எத்தனை பேர் இந்தப் பெயர்களைக் கேட்டிருக்கிறோம்? அவர்கள் பெயரைச் சொல்லும்போது எங்கள் ஊர்ப் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த ஒன்றுக்காகவே நான் அவர்களுக்குக் கடன்பட்டவன்.

வாசுதேவன் 1940இல் பிறந்தவர். திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியில் பயின்றார். பின்னர் இராமநாதபுரம் கிருஷ்ணனிடம் பாடம் கேட்டார். மலையாள மண்ணின் பிள்ளை தமிழ்நாட்டு வித்துவானைத் தேடிச் சென்று பயின்ற இந்தச் செய்தியை நான் மிகவும் விரும்புகிறேன். திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. இசைக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். திருவனந்தபுரம் வானொலி நிலையத்தில் கலைஞராகப் பணியாற்றினார். 1987இல் வெளிவந்த ‘சுவாதித் திருநாள்’ என்னும் மலையாளப் படத்தில் பாடினார். 2004இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2008இல் மறைந்தார்.

அவர் குரலை நான் பதிவுகளில்தான் கேட்டிருக்கிறேன். அதில் எனக்குப் பிடித்தது அவசரமின்மை. இராகத்தை ஆலாபனை செய்யும்போது கீழ் ஸ்தாயியில் அவர் தங்கும் இடங்கள் உண்டு. அங்கே குரல் மெலியாமல், மழைக்கு முந்திய மேகம்போலத் திரண்டு நிற்கும். ஒப்பெரா அரங்கின் திறனாய்வாளர் அதைக் கேட்டால் பாரிடோன் என்று எழுதிவைப்பாரோ என்னவோ! நம்முடைய இலக்கணத்தில் அதற்குத் தனிப்பெயர் இல்லை. சுருதி, லயம், பாவம், சாகித்தியச் சுத்தம் என்பவற்றைக் கொண்டே நாம் அளக்கிறோம். குரலின் நிறத்துக்கு நம் விமரிசனத்தில் சொற்கள் குறைவு. ‘கணீர்க் குரல்’, ‘கம்பீரக் குரல்’ என்று இரண்டு சொல்லோடு நிறுத்திவிடுகிறோம். இந்தக் குறையைத் தீர்க்க நம் தமிழ் இலக்கிய மாணவர்களாவது முன்வர வேண்டும்.

பாறசாலை பொன்னம்மாளின் வரலாறு இன்னும் ஆழமானது. 1924 நவம்பர் 29இல் பாறசாலையில் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தார். திருவனந்தபுரத்தில் 1939இல் இசைக் கல்லூரி தொடங்கியபோது, திருநெல்வேலிச் சீமையின் அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அதன் முதல் தலைவராக இருந்தார். அவருக்குப் பின் செம்மங்குடி சீனிவாச ஐயர் அந்தப் பொறுப்பை ஏற்றார். அந்தக் கல்லூரியில் சேர்ந்த முதல் மாணவி பொன்னம்மாள். பின்னர் அங்கேயே ஆசிரியப் பணி ஏற்ற முதல் பெண்ணும் அவரே. திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியின் முதல் பெண் முதல்வராகவும் விளங்கினார். தமிழ் வீட்டுப் பெண் கேரளத்தில் தலைமுறை தலைமுறையாகப் பாடகர்களை உருவாக்கினார். மலையாள மாணவர் இராமநாதபுரத்து வித்துவானிடம் போனார். தமிழ் வீட்டு மாணவி கேரளத்துக்கே ஆசிரியை ஆனார். எல்லைக்கோடு இந்த இருவழிப் போக்குவரத்தை நிறுத்தவில்லை.

ஆனால் ஒரு கதவு மட்டும் மூடியே இருந்தது. அதைச் சொல்வதற்கு எங்கள் சாலையில் ஆண்டுதோறும் செல்லும் ஓர் ஊர்வலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நவராத்திரிக்குச் சில நாள் முன்பு பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மன் புறப்படுகிறாள். கம்பர் வழிபட்ட கலைமகள் இவள் என்று மரபு கூறும். வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் உடன் செல்வார்கள். முன்னால் மன்னரின் உடைவாள். குழித்துறையில் ஓர் இரவு தங்கி, களியக்காவிளையில் எல்லையைக் கடந்து, பாறசாலை வழியாக வந்து, நெய்யாற்றின்கரையில் ஓர் இரவு தங்கி, பின் திருவனந்தபுரம் சேர்வார்கள். எல்லையில் இரு மாநிலத்துக் காவலரும் மரியாதை செய்வர். நாங்கள் குழந்தைகளாக இருந்தபோது வீட்டு வாசலில் விளக்கேற்றி வைத்துக் காத்திருப்போம். யானை மணி கேட்டதும் அத்தை என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்துவார்.

திருவனந்தபுரத்தில் அம்மன் தங்குமிடம் பத்மநாபசுவாமி கோயிலை அடுத்த நவராத்திரி மண்டபம். ஒன்பது மாலையும் அங்கே இசையே பூசை. ஒவ்வொரு நாளுக்கும் இன்ன இராகம் என்று வகுத்து, சுவாதித் திருநாள் மகாராஜா இயற்றிய கீர்த்தனங்களை விரித்துப் பாடுவார்கள். சங்கராபரணத்தில் தொடங்கி ஆரபியில் நிறைவெய்தும் வரிசை அது. கூரையில் கவிழ்த்துத் தொங்கவிட்ட மண்பானைகள் ஒலியைச் செம்மைப்படுத்துகின்றன. அங்கே கைதட்டல் கிடையாது. பாட்டு முடிந்தால் அமைதி. எத்தனை பெரிய வித்துவானும் அந்த அமைதியைத்தான் பரிசாக வாங்கிக்கொண்டு எழுந்திருக்க வேண்டும்.

அந்த மண்டபத்தில் பெண்கள் பாடுவதில்லை என்பது வழக்கம். வீற்றிருப்பவள் கலைமகள், கையில் வீணை ஏந்திய பெண். அவள் முன்னால் பாடப் பெண்ணுக்கு இடமில்லை! பொன்னம்மாள் அந்தக் கீர்த்தனங்களைக் கற்றார், கற்பித்தார். அம்மன் ஆண்டுதோறும் அவர் பிறந்த ஊர் வழியாகவே சென்றாள். கீர்த்தனம் அவரிடம் இருந்தது. கோயில் நகரிலேயே அவர் வாழ்ந்தார். மண்டபம் மட்டும் எட்டாத தொலைவில் நின்றது. 2006இல் அரச குடும்பத்தைச் சேர்ந்த இசைவாணர் இராம வர்மாவின் முயற்சியால் அந்த வழக்கம் மாறிற்று. அவ்வாண்டு நவராத்திரியில், 81 வயதில், பாறசாலை பொன்னம்மாள் அங்கே அமர்ந்து பாடினார். அவ்வாறு பாடிய முதல் பெண் அவரே. அவருக்குப் பின் பிற பெண் கலைஞர்களும் அந்த மண்டபத்தில் பாடியிருக்கிறார்கள்.

2017இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அப்போது வயது 92. 2021 ஜூன் 22இல், 96 வயதில், மறைந்தார். அந்தச் செய்தி வந்த நாள் ஊரடங்கு காரணமாக நான் வீட்டில் இருந்தேன். அவருடைய முதுமைக் காலக் கச்சேரி ஒன்றின் பதிவைத் தேடிப் பிடித்து அத்தைக்குப் போட்டுக் காட்டினேன். அத்தையும் இளமையில் பாடியவர்தான். கலியாணத்துக்குப் பிறகு அந்தப் பாட்டு அடுப்படியைத் தாண்டவில்லை. முழுவதும் பேசாமல் கேட்டார். பிறகு சொன்னார்:

“அம்மன் வருசாவருசம் நம்ம ஊரு வழியாத்தானே போறா மக்ளே. நம்ம ஊருப் பொண்ணு பாடிக் கேக்க அவளுக்கே இம்புட்டு வருசம் ஆயிருக்கு பாரு.”

எத்தனையோ திறனாய்வுக் கட்டுரைகளைப் படித்திருக்கிறேன். இதனினும் கூரிய ஒன்றை நான் படித்ததில்லை. காத்திருந்தது பாடகி மட்டும் அல்ல. கேட்க வேண்டியவளும் காத்திருந்தாள். கதவை மூடுகிறவர்கள் வெளியே நிற்பவருக்கு மட்டும் இழப்பை உண்டாக்குவதில்லை. உள்ளே இருப்பவர்களின் காதையும் அடைத்துவிடுகிறார்கள்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கதை என்று எண்ண வேண்டாம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஒப்பெரா 1883இல் திறக்கப்பட்டது. கறுப்பினத்தைச் சேர்ந்த ஒருவர் அதன் மேடையில் முக்கிய வேடம் ஏற்றுப் பாட 1955 ஜனவரி 7 வரை காத்திருக்க நேர்ந்தது. அன்று பாடிய மேரியன் ஆண்டர்சன் உலகமே கொண்டாடிய பாடகி. ஆயினும் அந்தக் கதவு திறந்தபோது அவருக்கு வயது 57. அடுத்த இருபதாம் நாள், ஜனவரி 27இல், இராபர்ட் மெக்ஃபெரின் என்னும் பாரிடோன் வெர்டியின் ‘அயிதா’வில் எத்தியோப்பிய அரசன் அமொனாஸ்ரோவாக மேடையேறினார். அந்த அரங்கில் அவ்வாறு பாடிய முதல் கறுப்பின ஆண் அவர். பகைவரிடம் சிறைப்பட்டும் தலை குனியாத அரசனின் வேடம் அது. 1959இல் ‘போர்கியும் பெஸ்ஸும்’ திரைப்படத்தில் நடிகர் சிட்னி பாய்ட்டியர் வாயசைக்க, பாடிய குரல் மெக்ஃபெரினுடையது. குரலை உலகம் கேட்டது. முகத்தைத் திரை காட்டவில்லை. அவர் 2006 நவம்பரில் காலமானார். அதே ஆண்டின் நவராத்திரியில்தான் எங்கள் ஊர் அம்மையார் மண்டபத்தில் பாடினார். இருவரும் ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வழியில்லை. கடலுக்கு இருபுறமும் ஒரே பூட்டு இருந்திருக்கிறது என்பதைத்தான் இந்த ஆண்டுகள் நமக்குக் காட்டுகின்றன.

அப்படியானால் ஒரு குரலுக்கு உண்மையான பாராட்டு எது? பட்டமா? பத்திரிகையில் வரும் நான்கு வரியா? அரங்கம் அதிரும் கைதட்டலா? இவை வேண்டாம் என்று சொல்ல நான் துறவி அல்லேன். கலைஞருக்கு இவை உணவு போன்றவை. உரிய காலத்தில் கிடைக்க வேண்டும். 92 வயதில் வரும் பத்மஸ்ரீயைக் கண்டு மகிழ்கிறோம். 52 வயதில் வந்திருந்தால் எத்தனை மேடைகளும் எத்தனை பதிவுகளும் அதைத் தொடர்ந்திருக்கும் என்றும் எண்ணிப் பார்க்கிறோம். இன்று நமக்கு எளிதாகக் கிடைப்பவை அவருடைய முதுமைப் பதிவுகள். அவற்றிலும் சுருதி சற்றும் விலகாமல் நிற்கிறது; சொற்கள் முத்து முத்தாக விழுகின்றன; ஆசிரியர்களிடம் கேட்டதைக் குறையாமல் கையளிக்கும் பொறுப்பு ஒவ்வோர் அடியிலும் தெரிகிறது. முதுமையே இப்படியென்றால் முப்பது வயதில் அந்தக் குரல் எப்படி ஒலித்திருக்கும்?

என் எண்ணம் இதுதான். பாடியவரைப் புகழ்வது விமரிசனத்தின் பாதி வேலை. பாட முடியாமல் போனது யார், எந்த வாசலில், ஏன் என்று கேட்பது மற்றப் பாதி. கச்சேரி நன்றாக இருந்தது என்று எழுதும் பேனா, அந்த மேடையில் யார் ஏறவில்லை என்பதையும் எழுத வேண்டும். பின்னதை எழுதாத விமரிசனம் ஒரு காதால் மட்டுமே கேட்கிறது.

நம் சங்கத்துத் தோழர்களுக்கும் தோழியர்க்கும் ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவில் நம் மாணவர்கள் பாடுகிறார்கள். மறுநாள் ‘அருமை’ என்ற ஒற்றைச் சொல்லோடு அதை முடித்துவிடுகிறோம். இனி இந்த மலரில் அதைப் பற்றி ஒரு பக்கமாவது பொறுப்போடு எழுதுவோம். கனத்த குரல் உடைய ஒருவன் கூச்சப்பட்டு விடுதி அறைக்குள்ளேயே பாடினால், அவனை மேடைக்கு அழைத்து வருவோம். ஒலிவாங்கி இருக்கும் இந்தக் காலத்தில் யாரும் ஐந்து கட்டைக்குத் தொண்டையைக் கிழிக்க வேண்டியதில்லை.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது இன்னொன்றும் செய்யுங்கள். வீட்டில் அம்மாவோ பாட்டியோ அத்தையோ பாடுவார்கள். தாலாட்டோ, கோயில் பாட்டோ, பழைய சினிமாப் பாட்டோ, எதுவாயினும் ஆகட்டும். உங்கள் சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசியே இன்று ஓர் ஒலிப்பதிவு நிலையம். அவர்களை உட்காரவைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, பாடச் சொல்லிப் பதிந்து வையுங்கள். என் பாட்டனாரின் தறிப் பாட்டு இன்று எங்கும் இல்லை; அந்தக் குரல் பதிவாகாமலே அடங்கிவிட்டது. அத்தையின் பாட்டு மூன்று என்னிடம் இருக்கிறது. முதற்பாட்டின் நடுவில் குக்கர் கூவுகிறது. அதைக் கேட்டு அத்தை சிரித்துவிட்டு, சுருதி பிசகாமல் விட்ட இடத்தில் எடுக்கிறார்.